சாதிக் பாய் விற்ற சிவப்பு சிலிண்டர்கள்

என் வீட்டுக்காரருக்கு உட்காரத் தெரியாது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு டீயை அவர் உட்கார்ந்து முழுசாகக் குடித்து நான் பார்த்ததில்லை. நின்றுகொண்டு இரண்டு வாய் குடிப்பார், போன் அடிக்கும், பேசிக்கொண்டே வாசல் வரை நடப்பார், மிச்ச டீ எங்காவது ஒரு ஜன்னல் ஓரத்தில் ஆறிக் கிடக்கும். தொழுகையில் இருப்புக்கு உட்காருகிற நேரம் மட்டும்தான் உங்களுக்கு ஓய்வு என்று கேலி செய்வேன். "வீட்டுக்கு ஒரு ஆள் உட்கார்ந்திருந்தா போதும் புள்ள, நீதான் இருக்கியே" என்று பதில் வரும். அந்த நேரத்தில் கையில் இருப்பதை எடுத்து எறியலாமா என்று இருக்கும்.

பெயர் சாதிக் பாட்ஷா, ஊர் கீழக்கரை. துபாய் சத்வாவில் தையல் கடைகளுக்கு நடுவே மீன்தொட்டிக் கடை வைத்திருக்கிறார். வீடு அஜ்மானில். வந்த புதிதில் ஜவுளிக்கடையில் நின்றார், அப்புறம் அத்தர் விற்றார், அப்புறம் மொபைல் கவர். எதிலும் கால் ஊன்றவில்லை. மீனில்தான் நின்றார். கேட்டால், "அதுவும் என்னை மாதிரி ஒரு இடத்துல நிக்காது, அதான் ஒத்துப்போச்சு" என்பார்.

தொட்டிக்குள் செடி வளர்க்கிற மோகம் நம் ஊர்க் குடும்பங்களைப் பிடித்துக்கொண்டபோது கடை களைகட்டியது. இங்கே ஜன்னலைத் திறந்தால் மணலும் எதிர்க் கட்டடமும்தான் தெரியும். அதனால் ஹாலில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதற்குள் புல்லும் பாசியும் கொடியுமாக ஒரு தோட்டம், நடுவில் நாலு மீன் என்று ஆளாளுக்கு ஆசைப்பட்டார்கள். தண்ணீருக்குள் செடி செழிப்பாக வளர வேண்டுமென்றால் கரியமில வாயுவைச் சொட்டுச் சொட்டாக உள்ளே விட வேண்டுமாம். அதற்கென்றே வருகிற சிலிண்டர் விலையைக் கேட்டதும் பாதிப் பேர் பின்வாங்கினார்கள். அங்கேதான் எங்கள் ஆளின் மூளை வேலை செய்தது.

இந்த ஊரில் ஒவ்வொரு கட்டடத்திலும் மாடிக்கு மாடி சிவப்பு நிறத்தில் தீயணைப்பு சிலிண்டர் தொங்கும். அதில் ஒரு வகைக்குள் இருப்பது இதே கரியமில வாயுதான். கெடு முடிந்த பழசுகள் அஜ்மான் தொழிற்பேட்டையில் பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேரும். இவர் அதை வாங்கி ஒரு பட்டறையில் கொடுத்தார். பட்டறைக்காரன் கைப்பிடியைக் கழற்றிவிட்டுப் பித்தளை வால்வும் குழாயும் பொருத்திக் கொடுத்தான். வாயு நிரப்பித் தொட்டி ஓரத்தில் வைத்தால் முத்து முத்தாகக் குமிழி கிளம்பும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சிவப்பு பாட்டிலைக் கண்டாலே எனக்கு ஆகாது. அத்தனை இரும்பை அடைத்து வைத்த காற்றோடு வீட்டுக்குள் வைத்துக்கொண்டு எப்படித்தான் தூங்குகிறார்களோ என்று நினைப்பேன்.

கொஞ்ச நாளில் புகார் வர ஆரம்பித்தது. சீக்கிரம் தீர்ந்துபோகிறது, எங்கேயோ கசிகிறது என்றார்கள். வாடிக்கையாளர் முகம் சுளித்தால் என் வீட்டுக்காரருக்குச் சோறு இறங்காது. வீடு வீடாகப் போய் எல்லா பாட்டிலையும் வாங்கி வந்து பட்டறையில் இறக்கி, "லீக் மாஃபி, பாய். கொஞ்சம்கூட வரக் கூடாது" என்று சொல்லிவிட்டு வந்தார். வால்வின் பக்கவாட்டில் இருந்த ஒரு சின்ன நட்டு வழியாகத்தான் கசிகிறது என்று பட்டறைக்காரன் கண்டுபிடித்தான். நட்டைக் கழற்றினான், அந்த ஓட்டையில் ஒரு கெட்டிப் பித்தளை போல்ட்டை வைத்து முறுக்கினான். லீக் கலாஸ். அப்புறம் ஒரு புகாரும் இல்லை. சாதிக் பாய் கைராசிக்காரர் என்று எல்லாரும் புகழ்ந்தார்கள், இவரும் சட்டைக் காலரைத் தூக்கிவிடாத குறையாக நடந்தார்.

இந்த ஜூன் மாதம் சத்வா கடையில் ஏசி நின்றுபோனது. இவர் அசர் தொழுகைக்குப் போயிருந்த நேரம். கடைக்குப் பின்னால் சாமான் போட்டுவைக்கும் அறையில், பட்டறைக்கே போகாத, போல்ட் வைக்காத ஒரு பழைய பாட்டில் கிடந்தது. திடீரென்று அது சீறியிருக்கிறது. பக்கத்துத் தையல்காரர்கள் மெஷினை விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடி வந்துவிட்டார்கள். இவர் வந்து பார்க்கும்போது அறை முழுக்க வெள்ளைப் புகை, கதவிடுக்கில் பனிக்கட்டிக் குளிர். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

அந்த பாட்டிலைத் தூக்கிக்கொண்டு, வாயு நிரப்புகிற ஒரு பெரிய கம்பெனிக்குப் போனார். அங்கிருந்த இன்ஜினியர் பக்கவாட்டு நட்டைக் கழற்றிக் காட்டினார். உள்ளே மெல்லிசாக ஒரு தகடு, கிழிந்திருந்தது. சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறினால் அந்தத் தகடு கிழிந்து வாயுவை வெளியே விட்டுவிடும். பாட்டில் வெடிக்காமல் இருப்பதற்கென்றே வைத்த வழி அது. "இதுதான் உங்க கடையைக் காப்பாத்தியிருக்கு" என்றாராம். இவர் போனில் இருந்த மற்ற பாட்டில்களின் படத்தைக் காட்டினார். எல்லாவற்றிலும் அந்த இடத்தில் பித்தளை போல்ட். இன்ஜினியர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாராம். பிறகு, "பழைய இரும்பு, உள்ளே துரு பிடிச்சிருக்கலாம். விளிம்பு வரைக்கும் நிரப்பி சூட்டுல வச்சா வழி இல்லாம என்ன செய்யும் பாய்? ஸ்கூல் லீவு விட்டாச்சு. எல்லாரும் ஏசியை ஆஃப் பண்ணி வீட்டைப் பூட்டிட்டு ஊருக்குப் போவாங்க. ஒண்ணு விடாம திரும்ப வாங்கிடுங்க" என்று சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "நீயும் கூட வரணும் அஸ்மத்" என்றார்.

நான் போகாமல் முடியாது. பகலில் ஆம்பிளைகள் எல்லாம் டியூட்டிக்குப் போயிருப்பார்கள். தனியாக இருக்கிற பெண்கள் ஒரு ஆம்பிளை வந்து மணியடித்தால் கதவு திறக்க மாட்டார்கள். மாலைவரை காத்திருக்க இவருக்குப் பொறுமை கிடையாது. ஆகவே நான் மணியடிப்பேன், நான் பேசுவேன், இவர் லிஃப்ட் பக்கத்தில் நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருப்பார். உள்ளே போனால் சும்மா விடுவார்களா? டீ, முறுக்கு, ஊருக்கு எப்போது போகிறீர்கள் என்று ஒரு பேச்சு. நான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு முறுக்கு கடிப்பேன். பாட்டிலைக் கேட்டால் சிலர் சிரித்தார்கள். "நல்லாத்தானே ஓடுது அக்கா, செடி வாடிடுமே" என்றார்கள். "செடி வாடட்டும்மா, நீங்க வாட வேணாம்" என்று சொல்லி வாங்கி வந்தேன். வாங்கியதையெல்லாம் அந்தக் கம்பெனியில் கொண்டுபோய்க் கொடுத்தோம். துபாய், ஷார்ஜா, உம் அல் குவைன் என்று அந்த வாரம் முழுக்க ஓட்டம்தான். இரவில் இவர் தூங்கவும் இல்லை, என்னைத் தூங்கவிடவும் இல்லை. யார் வீட்டில் இன்னும் இருக்கிறது என்று வாய்க்குள்ளேயே பெயர்களை எண்ணிக்கொண்டு புரண்டார்.

கடைசியில் ஒன்றே ஒன்று பாக்கி. அது சிவசங்கரன் வீட்டில் இருந்தது. திருச்சிக்காரர், ஒரு கம்பெனியில் கணக்கு அதிகாரி. மனைவி பிரபாவதி, மகள் ஹர்ஷினி, மூன்று வயது ரோஹித். எங்களுக்கு அடுத்த தெருவில்தான் குடியிருந்தார்கள். அங்கேதான் இவர் கோட்டை விட்டார். பக்கத்துத் தெருதானே, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று தூரத்தில் இருந்தவற்றையெல்லாம் முதலில் எடுக்கப் போய்விட்டார்.

நாங்கள் போனபோது வீடு திறந்து கிடந்தது, உள்ளே ஒரு சாமானும் இல்லை. எதிர் வீட்டு சரோஜா எட்டிப் பார்த்தாள்.

"பிரபா வீட்டைத் தேடுறீங்களா? அண்ணனுக்கு சோஹார்ல வேலை கெடச்சிருச்சுல்ல. காலையிலதான் கார்ல கெளம்புனாங்க. கல்பா பார்டர் வழியா ஓமன் போறாங்க."

"மீன்தொட்டி?" என்று நான் கேட்டேன்.

"லாரியில ஏத்துனா ஒடைஞ்சிரும்னு அதையும் கார்லயே எடுத்துட்டுப் போறாங்க. அந்தச் சிவப்பு பாட்டிலையுந்தான். அங்க எங்க நிரப்புறதுன்னு தெரியாதுன்னு அண்ணன் நேத்தே ஃபுல்லா நிரப்பிட்டு வந்துட்டாரு. டிக்கியில எடம் பத்தல, பின் சீட்ல புள்ளைங்க கால்மாட்டுல வச்சாங்க."

நான் திரும்பிப் பார்த்தால் இவரைக் காணோம், படிக்கட்டில் அவர் இறங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

எங்கள் கார் ஷார்ஜாவைத் தாண்டி மலைப்பக்கம் திரும்பியது. சிவசங்கரன் நம்பருக்கு அடித்தால் உபயோகத்தில் இல்லை என்றது. பிரபா நம்பரும் அப்படித்தான். நாட்டை விட்டுப் போகிறவர்கள் முதலில் செய்கிற காரியம் சிம்மை கேன்சல் பண்ணுவதுதானே. வாட்ஸ்அப்பில் கூப்பிடலாம் என்றால் இந்த ஊரில் அந்த அழைப்பு வேலை செய்யாது. வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். "பிரபா, நான் அஸ்மத் அக்கா பேசுறேன். அந்தச் சிவப்பு பாட்டில் வெடிச்சிரும்மா. வண்டியை ஓரமா நிறுத்திட்டு புள்ளைங்களை இறக்கிட்டு தூரமா போயிருங்க. பாட்டிலைத் தொட வேணாம்." ஒற்றை டிக் விழுந்தது. அவர்கள் போனில் நெட் இல்லை. அதையே மறுபடி அனுப்பினேன். மறுபடியும் ஒற்றை டிக்.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. எங்கள் காரிலேயே ஏசி திணறியது. பின் சீட்டில் வெயில் படும் பக்கத்தில் அந்த பாட்டில் இருந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. குகைப்பாதைக்குள் நுழையும்போதெல்லாம் சிக்னல் போகும், வெளியே வந்ததும் நான் போனைப் பார்ப்பேன். அதே ஒற்றை டிக். இவர் ஸ்டியரிங்கை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார்.

"வெடிக்காட்டியும் கசிஞ்சா போச்சு அஸ்மத். ஜன்னல் மூடுன காரு. மூச்சு முட்டுறது தெரியறதுக்குள்ள மயக்கம் வந்துரும்."

"வாயை மூடிட்டு ஓட்டுங்க மச்சான்" என்றேன். அந்த மனிதர் மேல் எனக்கு அவ்வளவு கோபம். அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

கல்பாவுக்கு இறங்குகிற இடத்தில் இரண்டு டிக் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் பிரபாவின் குரல் வந்தது. "அக்கா, இப்பதான் பாத்தேன். கல்பாவுல ஒரு மலையாளி ஹோட்டல்ல வைஃபை கெடச்சுது. நானும் ஹர்ஷினியும் உள்ள சாப்பிடறோம். இவர் வெளிய கார் இன்சூரன்ஸ் விஷயமா ஒரு ஏஜெண்ட்கிட்ட நின்னு பேசிட்டிருக்கார். ரோஹித் தூங்கிட்டான்க்கா, அதனால ஏசியப் போட்டு வண்டியிலயே..." அதோடு நின்றது. நாற்காலி தள்ளப்படும் சத்தம் மட்டும் கொஞ்சம் பதிவாகியிருந்தது.

அதற்கப்புறம் மெசேஜ் இல்லை. நான் பத்துத் தடவை கேட்டேன், "ரோஹித்தை எடுத்தாச்சா, ரோஹித்தை எடுத்தாச்சா" என்று. இவர் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. யா அல்லாஹ், அந்தப் பிள்ளையைக் காப்பாத்து, எங்க கடை போனாலும் போகட்டும் என்று வாய்விட்டே சொன்னேன்.

ஹோட்டலைக் கண்டுபிடித்தபோது கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பிரபா நின்றுகொண்டிருந்தாள். தோளில் ரோஹித், தூக்கம் கலைந்த கோபத்தில் வீறிட்டு அழுதுகொண்டிருந்தான். ஒரு பிள்ளை அழுவது அவ்வளவு இனிமையாக எனக்கு என்றைக்கும் கேட்டதில்லை. போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் வெளியே வெயிலில் நின்ற காரின் பின்கதவைத் திறந்து சிவசங்கரன் உள்ளே குனிந்திருந்தார். இவர் காரை அப்படியே நிறுத்திவிட்டு இறங்கி ஓடினார்.

"சார், தொடாதீங்க. வெளிய வாங்க."

"தூக்கி அந்த மணல்ல வீசிட்டா முடிஞ்சுது பாய். விடுங்க."

"கீழ விழுந்தா அதுவே போதும் சார். வாங்க." கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

சிவசங்கரன் மூச்சு வாங்க இவரையே பார்த்தார். அமைதியான மனிதர் அவர், அதட்டிக்கூடப் பேச மாட்டார். "நீங்கதானே பாய் குடுத்தீங்க" என்று மட்டும் கேட்டார். அடித்திருந்தால்கூட இவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

இவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு காரை நோக்கித் திரும்பினார். "நானே போய் வால்வைக் கொஞ்சங்கொஞ்சமா திறந்து விட்டுடறேன். ஈரச் சாக்கு ஏதாவது வாங்கிட்டு வா அஸ்மத்."

நான் குறுக்கே நின்றேன். "அந்த வால்வைப் போட்டது யாரு மச்சான்? அந்த போல்ட்டை வச்ச அதே ஆள்தானே? திறக்கும்போது அது உங்க மூஞ்சியில பிச்சுக்கிட்டு வந்தா?"

"வேற என்ன செய்யச் சொல்றே?"

"சிவில் டிஃபென்ஸுக்குப் போன் போடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். "போன் போட்டா யாரு வித்ததுன்னு கேப்பாங்க. கடை போயிரும்டி. லைசென்ஸ் போயிரும். அப்புறம் நாம எங்க போறது?"

"ஊருக்குப் போவோம். இல்லாட்டி வேற எதையாவது விப்பீங்க, உங்களுக்குத் தெரியாத யாபாரமா. ரெண்டு காலோட இருந்தாத்தான் ஓட முடியும்" என்று சொல்லிவிட்டு நானே போனை எடுத்தேன். மணி அடித்தது. அவர் கையை நீட்டி என்னிடமிருந்து போனை வாங்கிக்கொண்டார். எங்கே கட் பண்ணிவிடுவாரோ என்று நினைத்தேன். காதில் வைத்தார். ஹோட்டல் பெயரைச் சொன்னார், பாட்டில் எப்படி இருக்கிறது, எவ்வளவு நிரப்பியிருக்கிறது, போல்ட் எங்கே இருக்கிறது என்று எல்லாவற்றையும் இந்தியில் சொன்னார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "பாட்டில் அவங்களுது இல்லை, என்னுது. நான்தான் செஞ்சு வித்தேன்" என்று சொல்லித் தன் பெயரையும் கடைப் பெயரையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

தீயணைப்பு வண்டியில் அவர்கள் வந்தார்கள். ஹோட்டலில் இருந்த எல்லாரையும் பின்வாசல் வழியாக வெளியேற்றித் தெருவின் அந்தக் கோடிக்கு அனுப்பினார்கள். தெருவுக்குக் குறுக்கே கயிறு கட்டிவிட்டு, பாட்டில் சூடு தணிய தூரத்திலிருந்து காருக்குள் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தார்கள். இவர் நிற்க முடியாமல் கயிற்றைத் தாண்டி இரண்டடி வைப்பதும், அவர்கள் கையைக் காட்டித் துரத்துவதும், மறுபடி போவதுமாக இருந்தார். கடைசியில் ஒரு இளம் அதிகாரி வந்து இவர் தோளை அழுத்தி, நடைபாதை ஓரக் கல்லைக் காட்டி, "இஜ்லிஸ்" என்றார். உட்கார் என்று அர்த்தம். இவர் உட்கார்ந்தார்.

ரொம்ப நேரம் கழித்து அவர்கள் எப்படியோ வால்வைத் திறந்துவிட்டார்கள். தெருவே அதிர்கிற மாதிரி ஒரு சீறல். கார் கதவுகளிலிருந்து வெள்ளையாக ஆவி புரண்டு தரையில் படர்ந்தது. ரோஹித் அழுகையை நிறுத்திவிட்டு வாய் பிளந்து பார்த்தான். சீறல் அடங்கி, அந்த பாட்டிலை ஒருவர் தூக்கிக்கொண்டு வந்தபோது அதன் உடம்பெல்லாம் வெள்ளை உறைபனி. அதிகாரி பக்கவாட்டு போல்ட்டை விரலால் தொட்டுக் காட்டி, யார் என்று கேட்டார். இவர் உட்கார்ந்தபடியே பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினார். எமிரேட்ஸ் ஐடியை வாங்கிக்கொண்டார்கள். நாளைக்கு ஸ்டேஷனுக்கு வர வேண்டும், அதுவரை கடை திறக்கக் கூடாது என்றார்கள். தலையாட்டினார்.

கூட்டம் கலைந்தது. நனைந்த காரை பிரபா துடைத்துக்கொண்டிருந்தாள். மீன் இருந்த தெர்மோகோல் பெட்டியை ஹர்ஷினி திறந்து பார்த்து, "ஆல் ஆர் அலைவ்மா" என்று கத்தினாள். சிவசங்கரன் மெதுவாக வந்து, இவர் பக்கத்தில் அந்தச் சுடுகிற கல்லிலேயே உட்கார்ந்தார்.

"எங்க வீட்ல ஹால்தான் பாய் பசங்க ரூம்" என்றார். "ரெண்டு வருஷமா அது ஹர்ஷினி தலைமாட்டுலதான் இருந்துச்சு."

இவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. கீழக்கரையில் அவர் வாப்பா மௌத்தானபோதுகூட இந்த மனிதர் அழுது நான் பார்த்ததில்லை, அன்றைக்கும் பந்தல்காரனிடம் ஓடிக்கொண்டிருந்தார். நான் கிட்டப் போகவில்லை. போனால் நானும் உடைந்துவிடுவேன் என்று தெரியும்.

ஹோட்டல்காரர் எல்லாருக்கும் டீ கொடுத்து அனுப்பினார். ஹர்ஷினி இரண்டு கையாலும் ஒரு காகிதக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, சிந்தாமல் நடந்து வந்து இவரிடம் நீட்டினாள். "அங்கிள், ஷுகர் போட்டிருக்கு" என்றாள். இவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். போன் அடித்தது. எடுக்கவில்லை. அடித்து அடித்து நின்றது. அந்தப் பிள்ளை எதிரிலேயே நின்று பார்க்க, ஒவ்வொரு வாயாக அந்த டீயைக் கடைசி வரை குடித்தார்.

சோஹார் கார் கிளம்பிப் போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. நானும் எழுப்பவில்லை. காலிக் கோப்பையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.